ஐரிஷ் முன்னோரைத் தேட எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்டக் கூடாது

மெல்பர்னில் இருக்கும் என் தங்கை சென்ற ஆண்டு ஒரு கேள்வியோடு அழைத்தாள். அவளுடைய மாமனாரின் கொள்ளுத் தாத்தா அயர்லாந்திலிருந்து கப்பலேறி விக்டோரியாவுக்கு வந்தவர். குடும்பப் பெயர் சல்லிவன், சொந்த ஊர் கார்க் என்று வீட்டில் சொல்லி வருகிறார்கள். மாமனாரின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அந்தப் பூர்வீகத்தைக் கண்டுபிடித்துத் தருவதாக அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். டிஎன்ஏ பரிசோதனைக்கான கிட் வாங்குவதா, ஏதாவது ஒரு தளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டுவதா, இல்லை டப்ளினில் ஓர் ஆய்வாளரை அமர்த்துவதா என்பது அவள் கேள்வி. இப்போதைக்கு எதுவும் வேண்டாம், முதலில் ஊரின் பெயரைக் கண்டுபிடி என்று நான் சொன்னபோது, ஊர்தான் தெரியுமே, கார்க் என்றாள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

அயர்லாந்தில் 32 கவுண்டிகள், அதாவது மாவட்டங்கள், உண்டு. கார்க் அவற்றில் ஒன்று. அவற்றுக்கு உட்பட்டு டவுன்லாண்ட் எனப்படும் நிலப் பிரிவுகள் 60,000க்கும் மேல் உள்ளன. பெயரில் டவுன் இருந்தாலும் அது நகரமன்று. சில வயல்களும் நாலைந்து வீடுகளும் மட்டுமே கொண்ட டவுன்லாண்டுகள் ஏராளம். ஐரிஷ் ஆவணங்களில் ஒரு குடியானவனை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அந்தப் பெயர்தான். கவுண்டியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது, தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த ஒரு சுப்பிரமணியனைத் தேடுவதற்கு ஒப்பாகும். போதாக்குறைக்கு, நாட்டைவிட்டுப் புறப்பட்டவர்கள் கப்பலேறிய துறைமுகத்தின் பெயரையே அவர்களுடைய சந்ததியினர் சொந்த ஊராக நினைவில் வைத்திருப்பது மிகவும் சாதாரணம்.

இடத்தின் பெயர் இத்தனை முக்கியமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மற்ற நாடுகளில் இடத்தை மறந்தாலும் பழைய மக்கள்தொகைக் கணக்கு காப்பாற்றிவிடும். அயர்லாந்தில் அது பெருமளவு இல்லை. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் ஏடுகளில் பெரும்பாலானவை, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது அழிந்தன. 1861, 1871 ஏடுகளை அதற்கு வெகுமுன்பே அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. தீயைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பிந்தைய நான்கைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். ஆக, முழுமையாக எஞ்சியிருக்கும் மிகப் பழைய கணக்கு 1901ஆம் ஆண்டினுடையது. அதற்கு முன் கிளம்பிப் போன ஒருவரைத் தேடும்போது கைவசம் இருப்பவை தேவாலயப் பதிவேடும் நில வரி ஏடும்தான்; இரண்டுமே ஊர்வாரியாக எழுதப்பட்டவை.

அந்த ஊர்ப்பெயரை அயர்லாந்தில் தேடிப் பயனில்லை. குடியேறிய நாட்டில்தான் தேட வேண்டும். இந்த வகையில் ஆஸ்திரேலியக் குடும்பங்கள் கொடுத்து வைத்தவை. விக்டோரியாவில் 1853 முதல் நடந்துவரும் இறப்புப் பதிவில், இறந்தவரின் தந்தை பெயர், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், பிறந்த இடம், காலனிக்கு வந்து எத்தனை ஆண்டு, எங்கே எந்த வயதில் திருமணம், பிள்ளைகள் யார் யார் என்பதெல்லாம் கேட்டு எழுதப்பட்டன. அமெரிக்காவுக்குப் போனவர்களுக்கு இவ்வளவு தாராளமான ஒரே ஆவணம் கிடைப்பது அரிது. ஆயினும் பாஸ்டனில் வெளிவந்த பைலட் பத்திரிகையில் 1831 முதல் வந்த, காணாமற்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களிலும், நியூயார்க்கின் எமிக்ரண்ட் சேமிப்பு வங்கி தன் வாடிக்கையாளர்களை அடையாளம் காண எழுதி வைத்த குறிப்புகளிலும் சொந்தப் பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின்) பெயர் வரை வருவதுண்டு. ஆகவே முதல் செலவு என்று ஒன்று இருக்குமானால், அது ஒரு சான்றிதழின் நகலுக்காக இருக்கட்டும். என் தங்கை அதைத்தான் முதலில் வாங்கினாள். சான்றிதழில் கார்க் என்ற சொல்லே இல்லை. பிறந்த இடம் கெர்ரி கவுண்டி, கென்மேர் என்றும், தாயின் பிறந்தவீட்டுப் பெயர் ஷே என்றும் இருந்தது.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். ஐரிஷ் அரசும் அதன் நிறுவனங்களும் கட்டணமின்றித் தருவது எவ்வளவு என்பதை அறியாமலேயே பலர் சந்தா கட்டிவிடுகிறார்கள். 1901, 1911 கணக்கெடுப்புகளின் அசல் படிவங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். 1921இல் விடுதலைப் போரின் காரணமாகக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 1926 ஏப்ரல் 18 அன்று எடுத்த கணக்கு, சட்டப்படி நூறாண்டு மூடி வைக்கப்பட்டு, 2026 ஏப்ரலில் வெளியீட்டுக்கு உரியதாகிறது. ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் 100 ஆண்டு கடந்த பிறப்பு, 75 ஆண்டு கடந்த திருமணம், 50 ஆண்டு கடந்த இறப்புப் பதிவுகளின் பக்கங்களையே படமாகப் பார்க்கலாம். கத்தோலிக்கரல்லாதோரின் திருமணங்கள் 1845 முதலும், மற்ற எல்லாப் பதிவுகளும் 1864 முதலும் தொடங்குகின்றன. 1847க்கும் 1864க்கும் இடையில் ஒவ்வொரு நிலத்தையும் வீட்டையும் அளந்து மதிப்பிட்ட கிரிஃபித் மதிப்பீடு, வரைபடங்களோடு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் குடும்பத்தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும், மனைவி மக்கள் இருக்க மாட்டார்கள்.

இவற்றைப் படிக்கும்போது வயதை நம்பக் கூடாது. 1901இல் 56 என்று எழுதிய ஒருவர் 1911இல் 70 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இவர் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை. இடையில், 1909 ஜனவரியில், 70 வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் வந்துவிட்டது. 1864க்கு முன் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. வயதை நிறுவ வேண்டியவர்கள் 1841, 1851 கணக்கெடுப்பில் தங்கள் குடும்பத்தைத் தேடித் தரும்படி விண்ணப்பித்தார்கள். பின்னால் ஏடுகள் எரிந்த பிறகும் அந்த விண்ணப்பப் படிவங்கள் தப்பின. அழிந்துபோன கணக்கெடுப்பின் சில துண்டுகள் இன்று நமக்குக் கிடைப்பது இப்படித்தான். அவையும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாக உள்ளன. பிறப்புப் பதிவிலும் இதுபோன்ற குறும்பு உண்டு. பதிவு செய்யக் கெடு தாண்டினால் அபராதம் என்பதால் பிறந்த தேதியைத் தள்ளிப் போட்டு எழுதிவிடுவார்கள். அதனால் குழந்தை பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே ஞானஸ்நானம் நடந்ததாக ஆவணங்கள் காட்டும். அந்த இரண்டில் பங்குத்தந்தையின் தேதியை நம்புவதே உசிதம்.

கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள்தான் பெரும்பாலான தேடல்களின் மையம். அவை பங்குகளிலேயே இருந்ததால் 1922 தீயிலிருந்து தப்பின. அயர்லாந்துத் திருச்சபை என்ற புராட்டஸ்டண்ட் சபையின் ஏடுகளிலோ பாதிக்கு மேல் அரசிடம் ஒப்படைக்கப்பட்டிருந்ததால் எரிந்தன. சிறுபான்மைப் புராட்டஸ்டண்டுகளின் முன்னோரைத் தேடுவது கத்தோலிக்கருடையதைவிடக் கடினமாகிவிட்ட முரண் இது. தேசிய நூலகம் சுமார் 1880 வரையிலான கத்தோலிக்க ஏடுகளின் படங்களை 2015 ஜூலையில் இலவசமாக இணையத்தில் ஏற்றியது. பெயர் கொடுத்துத் தேடும் வசதி அந்தத் தளத்தில் இல்லை. ஆனால் 2016 முதல் ஃபைண்ட் மை பாஸ்ட் தளத்தில் அவற்றுக்கான பெயர்ச் சுட்டியைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஏடுகளில் பெயர்கள் பல இடங்களில் லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் யாக்கோபுஸ் ஆவார், வில்லியம் குலியெல்முஸ் ஆவார். ஓ, மக் போன்ற முன்னொட்டுகள் ஒரு பக்கத்தில் இருக்கும், அடுத்த பக்கத்தில் காணாமற்போகும். இதையெல்லாம் ஈடுகட்டும் ஒரு நன்மை உண்டு. தாயின் பிறந்தவீட்டுப் பெயரைப் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். ஞானப் பெற்றோரின் பெயர்களும் இருக்கும், அவர்கள் பெரும்பாலும் சித்தப்பா, அத்தை முறையினர். ஒரே பங்கில் பத்து ஜான் சல்லிவன்கள் இருந்தாலும், தந்தை தாய் இருவரின் பெயரையும் சேர்த்துத் தேடும்போது கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தந்தை பெயர் என்ற வழக்கமும் துணைக்கு வரும். பேரன் என்ற சொல்லுக்குப் பொருள் அறிந்த நமக்கு இது புதிதன்று.

இப்போது கட்டணத் தளங்களுள் ரூட்ஸ் அயர்லாந்து என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கவுண்டிதோறும் இருக்கும் மரபு மையங்கள் பல ஆண்டுகளாகப் படியெடுத்த தேவாலயப் பதிவுகளின் தொகுப்பு இது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். உள்ளூர் கையெழுத்தும் ஊர்ப்பெயரும் அறிந்தவர்கள் படியெடுத்ததால், மற்ற தளங்களின் சுட்டிகளைவிட இதில் பிழை குறைவு என்பது என் அனுபவம். 1880க்குப் பிந்தைய பதிவுகளும், அயர்லாந்துத் திருச்சபை, பிரஸ்பிட்டீரியன் ஏடுகளும் பல கவுண்டிகளுக்கு உண்டு. குறை, அசல் பக்கத்தின் படம் பொதுவாகக் கிடைக்காது. படியெடுத்த வரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆண்டுக் கணக்கில் சந்தா கட்டத் தேவையில்லை. பெயர்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒரு நாளுக்கோ ஒரு மாதத்துக்கோ கட்டி, உட்கார்ந்து முடித்துவிடலாம்.

ஆனால் எந்தக் கவுண்டி என்பதைப் பார்த்தே கட்ட வேண்டும். கெர்ரியின் தேவாலயப் பதிவுகளும், டப்ளின் நகரத்தின் பதிவுகளும், கார்க்கின் ஒரு பகுதியும், கார்லோவின் அயர்லாந்துத் திருச்சபை ஏடுகளும் நான் மேலே சொன்ன அரசுத் தளத்திலேயே இலவசமாக, பல இடங்களில் படத்தோடு, கிடைக்கின்றன. கார்க்கின் வடக்கும் கிழக்குமோ ரூட்ஸ் அயர்லாந்தில் இருக்கின்றன. என் தங்கை வீட்டுப் பேச்சை நம்பிக் கார்க் என்று சந்தா கட்டியிருந்தால், ஆறு மாதம் தேடியும் தாத்தா அகப்பட்டிருக்க மாட்டார். அவர் காசு கேட்காத பக்கத்தில் இருந்தார்.

ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட் மை பாஸ்ட் ஆகிய பெருந்தளங்களைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. அயர்லாந்துக்குள் இருக்கும் அடிப்படை ஆவணங்களைப் பொறுத்தவரை இவை தருவதில் பெரும்பகுதி வேறெங்கோ இலவசமாக இருக்கிறது. கப்பல் பட்டியல், அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பம், இங்கிலாந்தின் கணக்கெடுப்பு என்று அயர்லாந்துக்கு வெளியே குடும்பத்தைத் தொடர்வதற்கே ஆன்செஸ்ட்ரி உதவும். ஃபைண்ட் மை பாஸ்டில் மட்டும் சில சுவையான ஐரிஷ் ஏடுகள் உண்டு: சிறைப் பதிவேடுகள், கீழ்நீதிமன்ற வழக்கேடுகள், நாய் வளர்ப்போர் உரிமப் பதிவுகள். மாட்டைச் சாலையில் அலையவிட்டதற்கும் குடித்துவிட்டு நடந்ததற்கும் கட்டிய சில்லறை அபராதங்களில், வேறெந்த ஏட்டிலும் தலைகாட்டாத ஏழைக் குடியானவர்கள் தங்கள் டவுன்லாண்ட் பெயரோடு அகப்படுவார்கள். அந்த வழக்கேடுகளுக்காக ஒரு மாதச் சந்தா தகும்.

இந்தத் தளத்துக்குச் சந்தா கட்ட நான் தயங்காமல் சொல்வது சென்னையிலும் பெங்களூரிலும் வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் ஐரிஷ்காரர்கள் திரளாகச் சேர்ந்தார்கள். மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவாகத் தொடங்கிய பட்டாளமே பின்னர் 102ஆம் ராயல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆகி, 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியனாயிற்று. பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் மதராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படங்கள் ஃபைண்ட் மை பாஸ்டில் உள்ளன. கம்பெனி ஆளெடுத்தபோது எழுதிய ஏடுகளில் பிறந்த இடமும் செய்த தொழிலும் வரும். பறங்கிமலைக் கல்லறையில் நிற்கும் ஒரு தேடலை அயர்லாந்தின் ஒரு பங்கு வரை கொண்டுபோகும் பாலம் அந்த ஏடு.

பெருந்தளங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது, மற்றவர்கள் வரைந்து வைத்திருக்கும் குடும்ப மரங்கள். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் முதலில் நுழைந்த கார்க் பெண் ஆனி மூர் இதற்கு நல்ல உதாரணம். அவர் டெக்சாஸ் போய் அங்கே விபத்தில் இறந்தார் என்று பல ஆண்டுகள் எல்லாரும் நம்பினார்கள், விழாக்களுக்கு அந்தச் சந்ததியினரை அழைத்தார்கள். 2006இல் ஆவணங்களை ஒழுங்காகப் பார்த்தபோது, டெக்சாஸ் ஆனி இல்லினாயில் பிறந்தவர் என்றும், உண்மையான ஆனி நியூயார்க்கிலேயே வாழ்ந்து, குயின்ஸ் கல்லறையில் பெயர்க் கல் இன்றிக் கிடந்தார் என்றும் தெரிந்தது. சிலை வைத்துக் கொண்டாடிய ஒருவருக்கே இந்தக் கதி என்றால், முகமறியாத ஒருவர் மூன்று சொடுக்கில் நகலெடுத்த மரத்தை எப்படி நம்புவது?

டிஎன்ஏவுக்கு வருகிறேன். கிட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது, நீங்கள் இத்தனை சதவீதம் ஐரிஷ் என்ற வரைபடத்தை. அதனால் தேடலுக்குப் பயன் அதிகமில்லை. ஐரிஷ் என்பது தெரிந்துதானே தேடுகிறோம். பயன் தருவது அதோடு வரும் உறவினர் பொருத்தப் பட்டியல். இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். எள்ளுத் தாத்தா வழியாக உறவாகும் இருவருக்குள் அளக்கக்கூடிய பொதுவான டிஎன்ஏ இருக்கச் சுமார் 90 சதவீத வாய்ப்பு உண்டு. இன்னொரு தலைமுறை தள்ளிப் போனால் அது பாதியாகிவிடுகிறது. தங்கையின் மாமனாருக்குக் கப்பலேறி வந்தவர் கொள்ளுத் தாத்தா. அயர்லாந்திலேயே தங்கிவிட்ட உடன்பிறப்புகளின் வாரிசுகள் அவருக்கு எள்ளுத் தாத்தா வழி உறவு. ஆகவே எச்சிலைக் குழாயில் சேகரிக்க வேண்டியவர் மாமனார்தான், அவருடைய மகன் அல்லர். வீட்டில் யார் மூத்தவரோ அவருடைய மாதிரியே விலைமதிப்புள்ளது; பேரன் ஆசைப்பட்டுச் செய்துகொள்வது வீண்.

எந்த நிறுவனம் என்றால், இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்களின் மாதிரிகளை வைத்திருக்கும் ஆன்செஸ்ட்ரியே இந்த ஒரு விஷயத்தில் முந்தி நிற்கிறது. பொருத்தம் கிடைப்பது கூட்டத்தின் அளவைப் பொறுத்தது. ஆனால் கென்மேர் போன்ற தீபகற்பப் பகுதிகளில் சில குடும்பங்களே தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுத்ததால், தூரத்து உறவும் நெருங்கியது போலத் தோற்றம் காட்டும். இன்னொரு தயக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 23ஆண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அது திவால் மனு தாக்கல் செய்தது. கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது. தத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கும், தந்தை பெயர் எழுதப்படாமல் பிறந்தவர்களுக்கும் காகிதம் கைவிட்டுவிடும் என்பதால், அவர்களுக்கு டிஎன்ஏவே முதல் வழி. தத்துப் பிள்ளைகள் தங்கள் பிறப்பு ஆவணங்களைப் பெற அயர்லாந்தில் 2022இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அதையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

ஆய்வாளரை அமர்த்துவது கடைசிக் கட்டத்துக்கு உரியது. அக்ரெடிட்டட் ஜீனியாலஜிஸ்ட்ஸ் அயர்லாந்து என்ற சங்கத்தின் உறுப்பினர்கள் தகுதி சரிபார்க்கப்பட்டவர்கள். இணையத்தில் இருப்பதை அவர்களைக் கொண்டு தேடச் சொல்வது பணவிரயம். பங்கு ஏடுகள் நின்றுவிடும் இடத்துக்கு அப்பால், 1708இல் தொடங்கும் பத்திரப் பதிவு ஏடுகளிலும், ஜமீன் கணக்குகளிலும் புகவே அவர்கள் தேவை. கென்மேரைச் சுற்றிய நிலங்கள் லான்ஸ்டவுன் பிரபுவின் எஸ்டேட்டுக்கு உரியவை. அத்தகைய எஸ்டேட்டின் குத்தகைத் தாள்களைப் படிப்பது கைதேர்ந்தவர் வேலை. இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும், தேடிக் கிடைக்காதவற்றையும் அறிக்கையில் எழுத வேண்டும் என்றும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. அதற்கு முன் டப்ளின் கில்டேர் தெருவில் இருக்கும் தேசிய நூலகத்தின் குடும்ப வரலாற்று ஆலோசகர்களைக் கேட்டுப் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

நேரில் போவதாக இருந்தால் நான் பார்க்கச் சொல்வது மதிப்பீட்டுத் திருத்த ஏடுகளை. கிரிஃபித் மதிப்பீட்டுக்குப் பிறகு நிலம் கைமாறும்போதெல்லாம் அதிகாரிகள் பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை வேறு நிற மையில் எழுதி, ஓரத்தில் ஆண்டைக் குறித்தார்கள். கணவன் பெயர் சிவப்பு மையில் அடிபட்டு மனைவி பெயர் ஏறினால், அந்த ஆண்டையொட்டி அவன் இறந்திருக்கிறான் என்று பொருள். அடுத்த நிறத்தில் மகன் வருவான். வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்கு உரியவற்றை பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகம் இணையத்திலேயே இலவசமாக வைத்திருக்கிறது. தெற்கின் ஏடுகளுக்கு டப்ளினை நாட வேண்டியிருக்கும்.

ஐரிஷ் பாஸ்போர்ட்தான் நோக்கம் என்றால் மேற்சொன்ன எதுவும் வேண்டாம். தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால், மூன்று தலைமுறையின் அரசுச் சான்றிதழ்களைக் கொண்டு வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் விண்ணப்பிக்கலாம். டிஎன்ஏ முடிவை அதற்குச் சான்றாகக் கொண்டுபோய்ப் பயனில்லை, கொள்ளுத் தாத்தா மட்டும் இருந்தாலும் பெரும்பாலும் போதாது.

தங்கையின் தேடல் கென்மேர் பங்கில் போய் முட்டி நிற்கிறது. தந்தை சல்லிவன், தாய் ஷே என்று, கணவன் மனைவி இருவரின் முழுப்பெயரும் ஒத்த இரண்டு குடும்பங்கள் அங்கே இருந்திருக்கின்றன. மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டிலும் ஒரு ஜான் பிறந்திருக்கிறான். டவுன்லாண்டும் ஞானப் பெற்றோரும்தான் வேறு. இந்த இரண்டு ஜான்களில் யார் கப்பலேறினார் என்பதைக் காகிதம் சொல்லவில்லை. அதனால் கிட்டை இப்போது வாங்கியிருக்கிறாள். எழுபத்தைந்து வயது மாமனார், குழாயில் துப்புவதற்கு முன் அரை மணி நேரம் டீ குடிக்கக் கூடாது என்ற நிபந்தனையைக் கேட்டுவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.